ஓட்டுகிறவளுக்குக் காடு தெரியாது

சத்தியமங்கலத்திலிருந்து மைசூர்ப் பக்கம் ஏறுகிற திம்பம் மலைப்பாதை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் எனக்குச் சங்கடமாகிவிடும். வருடக்கணக்காக அந்த ரோட்டில் கார் ஓட்டுகிறேன். எந்தப் பெண்டில், அதாவது வளைவில், ரோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், எங்கே தார் பிய்ந்திருக்கும், எங்கே லாரிக்காரர் நம் பக்கம் வந்துதான் திரும்புவார் என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். மலை எப்படி, காடு எப்படி என்றால் எனக்கு என்ன தெரியும்? லாரியின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று வேண்டுமானால் விவரமாகச் சொல்லலாம்.

கோபிசெட்டிபாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரரின் அக்காவை, எங்கள் பக்கப் பேச்சில் நங்கையாவை, மலைக்கு மேலே தாளவாடிப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அத்தைக்கு மகளைப் பார்க்காமல் இருப்புக்கொள்ளாது. வீட்டுக்காரருக்கு மலை ஏறினால் மூன்றாவது பெண்டிலேயே குமட்டிவிடும். ஆக, பழைய வேகன் ஆர், ஸ்டியரிங்கில் நான், பக்கத்தில் அத்தை. இதுதான் எங்கள் செட்.

நான் பார்த்த காட்டைவிட அத்தை எனக்குச் சொன்ன காடுதான் அதிகம். இந்தப் பதிவில் வரும் மரம் மட்டையெல்லாம் அவர் கண் வழியாக வந்தவை. ரோடு மட்டும் என்னுடையது.

சத்தியமங்கலத்தைத் தாண்டினால் கொஞ்ச தூரம் வாழை, கரும்பு, மல்லிகைத் தோட்டம். காலையில் போனால் பூப்பறிக்கிறவர்கள் தலையில் துணி கட்டிக்கொண்டு வரப்பில் நடப்பார்கள். புதுவடவள்ளி, ராஜன் நகர் கடந்தால் பச்சை சட்டென்று நின்றுபோய் முள்காடு ஆரம்பிக்கும். சத்தியிலிருந்து 12 கிலோமீட்டரில் பண்ணாரி. அம்மன் கோயில் ரோட்டை ஒட்டியே இருக்கிறது. மேலே போகிற வண்டி, கீழே வந்த வண்டி எல்லாம் அங்கே நிற்கும். திருநீறுக்குப் பதில் புற்றுமண்தான் பிரசாதம். பங்குனியில் குண்டம் திருவிழா நடக்கும்போது இந்த ரோடு முழுக்கத் தலைதான் தெரியும். மனிதர்கள் இறங்கி முடித்தபின் கடைசியில் ஆடு மாடுகளையும் குண்டத்தில் இறக்குவார்கள். சாதாரண நாளில் அத்தை ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி முன் டயருக்கடியில் வைப்பார். புற்றுமண்ணை என் நெற்றியில் பூசிவிட்டு, ஸ்டியரிங்கிலும் ஒரு தீற்று. ஓட்டுகிறவளைவிட ஸ்டியரிங்மேல் அவருக்கு நம்பிக்கை அதிகம்.

செக்போஸ்ட் தாண்டிக் கொஞ்ச தூரம் சமதளக் காடு. அப்புறம் மலை. மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவு. கீழேயிருந்து எண் போட்டிருக்கிறார்கள். 27 வந்தால் திம்பம்.

எனக்கு மலை ஓட்டக் கற்றுக்கொடுத்தது எங்கண்ணன். மைசூர் லோடு அடித்தவர். இந்த ரோட்டில் அவர் ஏறி இறங்கியதற்குக் கணக்கில்லை. மலையில் பிரேக்கை நம்பாதே, கியரை நம்பு என்பார். “எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்லயே எறங்கோணும். ஏறும்போது ரெண்டாவதுன்னா எறங்கும்போதும் ரெண்டாவதுதான். மூணுக்குப் போட்டு பிரேக்கப் புடிச்சுட்டே வந்தீன்னா, பாதி மலையில பிரேக்கு உன்னைய விட்டுட்டுப் போயிரும்.” இதை அவர் சொன்ன தோரணையில் பிரேக் என்பது ஏதோ துரோகி உறவுக்காரன் போல இருக்கும்.

வளைவில் ஸ்டியரிங்கை எப்போது ஒடிப்பது என்பதை மட்டும் அவரால் வாயால் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. அது எனக்குத் தையலில் இருந்து வந்தது. ரவிக்கைக் கழுத்து வளைவைத் தைக்கும்போது துணியை இழுக்கக் கூடாது, இழுத்தால் சுருங்கும். வேகத்தைக் குறைத்து, ஊசிக்குத் துணி தானாக வருகிற அளவுக்குத் திருப்பிக்கொடுக்க வேண்டும். பெண்டும் அப்படித்தான். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகம் முழுதாகக் குறைந்திருக்க வேண்டும். உள்ளே போனபின் பிரேக் கிடையாது, மெதுவாக ஆக்ஸிலரேட்டர் மட்டும். இது பிடிபட்ட அன்றிலிருந்து கை உதறவில்லை.

லாரிகள் தனிப் பாடம். நீள லாரிக்கு இந்த வளைவுகள் போதாது. வெளிப்பக்கம் முழுக்க வந்து, மூக்கை மதில்சுவர் வரை கொண்டுபோய் ஒடித்தால்தான் பின்சக்கரம் உள்பள்ளத்தில் இறங்காமல் திரும்பும். அந்த நேரத்தில் சின்ன வண்டிக்காரன் எவனாவது “எனக்கு இடமிருக்கே” என்று உள்பக்கம் மூக்கை நுழைத்தால் தீர்ந்தது கதை. இரண்டு பேருக்கும் முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது. அரைமணி நேரத்தில் மேலேயும் கீழேயும் நூறு வண்டி. அதனால் முன்னால் பெரிய லாரி ஏறினால் நான் ஒரு பெண்டு கீழேயே நின்றுவிடுவேன். பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும். அத்தை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “பொறு சாமி, முன்னால போயி என்ன வாரிக்கட்டப் போறே?” என்பார். எதிரே ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும் என்பது பழைய மலைச்சட்டம். இப்போது வருகிற பாதிப் பேருக்கு அது தெரியாது. தெரிந்த மீதிப் பேர் வெள்ளைக் கார் வைத்திருந்தால் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, கல். லோடு லாரி ஏற முடியாமல் திணறி நின்றால் கிளீனர் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ வைப்பார். வண்டி உறுமி நகர்ந்ததும் அவர் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்வார். கல் அங்கேயே கிடக்கும். திரும்பின உடனே வளைவுக்கு நடுவில் தலை அளவுக் கல். காருக்கு அடிப்பாகம் தட்டும், பைக்குக்காரனுக்கு அது உயிர். வழி இருந்தால் நிறுத்தி ஓரத்தில் தள்ளிவிட்டு வருவேன். அப்போது காரை விட்டு இறங்கியதற்கு அத்தையிடம் திட்டு. சிறுத்தை இருக்கிற இடமாம்.

அது உண்மைதான். ராத்திரியில் மதில்சுவர்மேல் சிறுத்தை உட்கார்ந்திருக்கிற படம் அடிக்கடி பத்திரிகையில் வரும். பகலில் சுவர்மேல் குரங்குதான். வண்டியில் போகிறவர்கள் போடுகிற தீனிக்குப் பழகி வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்திருக்கும். எத்தனை பலகை வைத்தாலும் பிஸ்கட் போடுகிற கை ஓய்வதில்லை.

அத்தையின் வர்ணனை ஏறும்போதே தொடங்கிவிடும். அவர் பிறந்தது பவானிசாகர் பக்கம். அவருடைய அப்பாவின் ஊர் அணைத் தண்ணீருக்குள் போய்விட்டது. 1955-ல் அணை கட்டி முடித்தார்கள். டணாய்க்கன் கோட்டையும் அந்தத் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. அணை நன்றாக வற்றும் வருடம் உள்ளிருக்கும் பழைய கோயில் தலைகாட்டும். ஊரை விட்டு மேடேறிய குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதில் ஆடு ஓட்டிக்கொண்டு காட்டோரத்தில் அலைந்தவர். அதனால் அவருக்குக் காட்டில் எல்லாமே எதற்காவது ஆகிற பொருள். அடிவாரத்தில், “ஊஞ்ச மரம் பாரு, எத்தனை அரப்பு வீணாப் போகுது.” கொஞ்சம் மேலே, “நெல்லி காச்சிருக்கு.” இன்னும் மேலே மூங்கில் வந்துவிட்டால், “இந்த மொத்தத்துல ஏணி செஞ்சா ஒரு தலைமுறைக்கு வரும்.” அழகாக இருக்கிறது என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. உன்னிச்செடியைக் கண்டால் மட்டும் கோபம் வரும். “எங்க காலத்துல இது இத்தனை இல்ல கண்ணு. ஆடும் திங்காது, மாடும் திங்காது.” அதில் நியாயம் இருக்கிறது. அழகுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அமெரிக்கச் செடி, இன்று காட்டின் அடித்தளத்தை மூடிப் புல்லை முளைக்க விடாமல் பண்ணிவிட்டது. புல் இல்லாவிட்டால் மான் எதைத் தின்னும்?

மிருகம் விஷயத்தில்தான் அத்தையை நம்ப முடியாது.

“அதா, அதா போகுது பாரு!”

“என்னங்க அத்தை?”

“போயிருச்சு.”

“என்ன போச்சுங்க?”

“பழுப்பா, பெருசா ஒண்ணு.”

இது கடமானாக இருக்கலாம், செந்நாயாக இருக்கலாம், ஊர் நாயாகவும் இருக்கலாம். நான் கண்ணாடியில் பின்னால் வருகிற டெம்போவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சத்தியமங்கலம் காடு 2013-ல் புலிகள் காப்பகம் ஆனது. 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கை கோத்துக்கொள்கிற இடம் இது. ஒரு பக்கம் முதுமலை, பந்திப்பூர். இன்னொரு பக்கம் பிலிகிரிரங்கன் மலை. யானைகளுக்கு இது ஒரே காடுதான், நாம்தான் நான்கு பெயர் வைத்திருக்கிறோம். அந்த ஒரே காட்டுக்குக் குறுக்கே, கோவையையும் மைசூர்ப் பக்கத்தையும் இணைக்கிற தேசிய நெடுஞ்சாலை போகிறது. இதில்தான் நாங்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் பலகாரத் தூக்கோடு போகிறோம்.

பழைய காலத்தில் படைகள் இறங்கியது இந்த வழியாக அல்ல. மேற்கே கஜ்ஜல்ஹட்டிக் கணவாய் வழியாக. 1790-ல் திப்பு சுல்தான் அதில் இறங்கி வந்துதான் சத்தியமங்கலத்தில் கிழக்கிந்தியக் கும்பினிப் படையோடு மோதினார். பீரங்கியை இழுத்துக்கொண்டு எப்படி இறங்கியிருப்பார்கள் என்று எங்கண்ணனிடம் கேட்டேன். “காளைக்கு ஏர் பிரேக்கா இருந்துச்சு? அதுக பாடு” என்றார். லாரிக்காரர் பார்வை அது.

திம்பத்தில் ஏறினால் காற்று மாறிவிடும். கீழே வியர்த்து ஒட்டியிருந்த ரவிக்கை சில்லிட்டுப் போகும். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல். டீ குடித்துவிட்டு அத்தை காதைக் காதைக் குடைவார், அடைத்துக்கொண்டதாம். இடப்பக்கம் தலைமலை வழியாகத் தாளவாடிக்கு ஒரு ரோடு பிரியும். அது இன்னும் அடர்ந்த காடு. நாங்கள் நேராக ஆசனூர் போய், காரப்பள்ளம் செக்போஸ்ட் வழியாகக் கர்நாடகத்துக்குள் கொஞ்ச தூரம் ஓடி, இடது கைப்பக்கம் திரும்பி மறுபடி தமிழ்நாட்டுக்குள் வருவோம். மகள் வீட்டுக்குப் போக மாநிலம் தாண்டி மாநிலம் வருவது அத்தைக்கு இன்னும் ஒப்பவில்லை.

இந்த மேட்டு ரோட்டில்தான் ஓட்டுகிறவளுக்கும் காடு கண்ணில் படும். வளைவுகள் குறைவு. அதைவிட, யானை நின்றால் வண்டிகள் எல்லாம் நின்றுவிடும். அப்புறம் எனக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

தாளவாடியிலும் சாமராஜநகர்ப் பக்கமும் விளைகிற கரும்பு இந்த ரோட்டில்தான் சத்திப் பக்கத்துச் சர்க்கரை ஆலைக்கு இறங்குகிறது. லாரியில் மேலே மேலே அடுக்கிக் கட்டியிருப்பார்கள். செக்போஸ்டில் லோடு உயரத்தை அளக்கிற கம்பிக்கு மேலே போகிற கரும்பை உருவி ஓரத்தில் எறிவதுண்டு. வழியில் தானாகச் சரிந்து விழுவதும் உண்டு. யானைகள் இதைக் கண்டுபிடித்துவிட்டன. காரப்பள்ளத்துக்கும் ஆசனூருக்கும் நடுவில் கரும்பு லாரிக்காகவே வந்து நிற்கும். ஒரு தடவை தாயும் குட்டியுமாக இரண்டு. எங்களுக்கு முன்னால் ஆறேழு வண்டி, அதற்கு முன்னால் லாரி. தாய் யானை லாரிக்குப் பக்கவாட்டில் போய் நின்று, தும்பிக்கையை உயர்த்தி, கயிற்றுக்கு வெளியே நீண்டிருந்த கரும்பாகப் பார்த்துப் பிடித்து இழுத்தது. அவசரமே இல்லை. ஒன்றை உருவிக் கீழே போட்டுக் குட்டி அதை எடுக்கிற வரை நின்று, அப்புறம் அடுத்தது. டிரைவர் கேபினுக்குள் அசையாமல் இருந்தார். பழக்கப்பட்டவர் போல, என்ஜினை நிறுத்தியிருந்தார்.

எனக்குப் பின்னால் ஒருவர் இறங்கிப் போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நாங்கள் கத்தினால் யானை மிரளும், கத்தாவிட்டால் இவர் போய்ச் சேர்ந்துவிடுவார். அத்தை கண்ணாடியை இறக்கி, அவர் சட்டையைப் பிடித்தேவிட்டார். “ஏஞ் சாமி, உனக்குப் புள்ள குட்டி இருக்குதா?” அவர் திரும்பி நடந்தார். அந்தக் கேள்விக்கு எவரும் யானைப் பக்கம் போக மாட்டார்கள்.

கரும்பு போடக்கூடாது என்று வனத்துறை சொல்கிறது, லாரிக்காரர்களை எச்சரிக்கிறது. யானைக்கு இரங்கித்தான் போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குட்டி காட்டில் எதைத் தின்பது என்று கற்றுக்கொள்ள வேண்டிய வயதில், லாரி எத்தனை மணிக்கு வரும் என்று கற்றுக்கொண்டிருந்தது. நாளைக்கு அது பெரிதாகி ஒரு லாரி நிற்காமல் போனால் என்ன செய்யும்? அத்தை சொன்னதும் அதுதான்: “அதுக்கும் நேரங்காலம் தெரிஞ்சு போச்சு.”

நங்கையா வீட்டில் போய் யானை பார்த்தோம் என்று சந்தோஷமாகச் சொன்னால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். அவர்களுக்கு யானை என்பது முட்டைக்கோஸ் காட்டில் பாதி ராத்திரியில் நிற்கிற ஒன்று. தாளவாடிப் பக்கம் கருப்பன் என்று பெயர் வைத்த ஒற்றை யானை தோட்டம் தோட்டமாக இறங்கி, காவலுக்குப் படுத்திருந்த விவசாயிகளையும் கொன்றது. கும்கிகளை வைத்து, மயக்க ஊசி போட்டு, 2023 ஏப்ரலில்தான் பிடித்து வேறு காட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அதுவரைக்கும் அந்த வீட்டு அண்ணா, நங்கையாவின் வீட்டுக்காரர், பரண்மேல் படுத்துக்கொண்டு டார்ச்சு அடித்தவர். அவரிடம் போய்க் குட்டி யானை அழகு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரோட்டுக்கு இரவுத் தடை வந்தபோதும் அந்த வீட்டில் இதே முகங்கள்தான். 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ராத்திரிப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். அடிபட்டுச் சாகிற மிருகங்களுக்காக. அதற்கு முன்பு, சாயங்காலம் அறுத்த காய் ராத்திரியோடு ராத்திரியாக இறங்கி, விடியும் முன் கீழே மண்டிக்குப் போய்விடும். தடை வந்தபின் பொழுது சாயும் முன் செக்போஸ்ட் தாண்டாத லோடு மேலேயே கிடந்தது. தாளவாடியில் கடையடைப்பு, மறியல் எல்லாம் நடந்தது. அப்புறம் உள்ளூர்க்காரர்களுக்குச் சில தளர்வுகள் வந்தன. மிகப் பெரிய லாரிகளை அடியோடு நிறுத்தினார்கள்.

என் கட்சியைக் கேட்டால், தடை சரி என்பேன். அண்ணா எதிரில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டே சொல்லியிருக்கிறேன். ராத்திரியில் அந்த ரோட்டில் மூச்சு விடாமல் லாரி ஓடினால் ஒரு பக்கத்துக் காட்டிலிருந்து இன்னொரு பக்கத்துக்கு எது தாண்டும்? அவர் மறுக்கவில்லை. “சரிதான் தங்கச்சி. ஆனா தாண்டறதுக்கு மாமூல் நாங்க மட்டும் ஏங் குடுக்கோணும்? கோயமுத்தூர்ல இருந்து பைக்ல வந்து யானையோட போட்டோ எடுக்கறவன் என்ன குடுத்தான்?” என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டேன்.

அத்தைக்கு இந்த ரோட்டில் பழைய பயம் ஒன்று உண்டு. நங்கையாவுக்குக் கல்யாணமான புதிதில் வீரப்பன் இருந்தார். ஆசனூர், தலைமலை என்று பெயர் சொன்னாலே கீழே எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்ட காலம். 2000 ஜூலை 30 ராத்திரி, தாளவாடிப் பக்கம் தொட்டகாஜனூரில் இருந்த பண்ணை வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்திக்கொண்டு போனார்கள். 108 நாள் கழித்துத்தான் விட்டார்கள். அதுவரைக்கும் இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் பஸ் ஓடுமா ஓடாதா என்று தினம் ஒரு கேள்வி. மகளிடமிருந்து கடிதம் வரும் நாளை அத்தை விரலில் எண்ணிக்கொண்டிருந்தாராம். 2004 அக்டோபரில் வீரப்பன் கதை முடிந்த பிறகும், ஆசனூர் தாண்டும்வரை பல வருடம் நகையைக் கழற்றி முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டார். இப்போது கழற்றுவதில்லை. கை மட்டும் கழுத்துக்குப் போய்வரும்.

எனக்கும் ஆசை வந்து ஒரு தடவை, வேண்டுமென்றே பஸ்ஸில் போனேன். ஓட்டாமல், ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த மலையை ஒரு முறையாவது முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்று. மாசி மாதம். மரமெல்லாம் இலை உதிர்த்து எலும்பாக நின்றது. நடுவில் நடுவில் பொரசு மட்டும் ஒரு இலை இல்லாமல் செக்கச் செவேல் என்று பூத்திருந்தது. ஏற ஏறக் கீழே நாங்கள் வந்த ரோடு ஒன்றின்கீழ் ஒன்றாகத் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் வெள்ளையாக ஒரு பட்டை. பவானிசாகர் தண்ணீர் என்று பக்கத்து சீட்டுக்காரர் காட்டினார். அத்தையின் அப்பா ஊர் அதற்குள்தான் எங்கேயோ. பஸ்ஸுக்குள் பாதிப் பேச்சு கன்னடம், பாதி தமிழ், ஒரே வாக்கியத்தில் இரண்டும். தலைக்கு முக்காடு போட்ட ஒரு பாட்டி மடியில் கோழியோடு உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கினார்.

அதோடு இன்னொன்றையும் பார்த்தேன். மதில்சுவர்கள். காரில் உட்கார்ந்தால் தெரியாத உயரத்திலிருந்து பார்த்தபோது, எத்தனை இடத்தில் சுவர் இடிந்து புதிதாகக் கட்டியிருக்கிறார்கள், எத்தனை இடத்தில் கட்டாமலே விட்டிருக்கிறார்கள், அதற்குக் கீழே மரங்களுக்கு நடுவில் துருப்பிடித்த தகடு எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த தடவை காரில் ஏறியபோது, அதுவரைக்கும் என்னிடம் இல்லாத ஒரு தயக்கம் அந்த இடங்களில் வந்தது. கண் தானாகப் பள்ளத்துப் பக்கம் போனது. மலை ரோட்டில் கண் போகிற பக்கம்தான் வண்டி போகும். ஓட்டுகிறவளுக்குக் காடு தெரியாமல் இருப்பதும் நல்லதுதான் என்று அன்று நினைத்தேன். அதிலிருந்து மறுபடி லாரியின் பின்பக்கத்துக்கே திரும்பிவிட்டேன்.

இறங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை, புதிதாகப் போகிறவர்களுக்காக. ஏறுவதற்கு வண்டிக்குப் பலம் வேண்டும், இறங்குவதற்கு ஓட்டுகிறவருக்குப் பொறுமை வேண்டும். மேலே சில்லென்ற காற்றில் சுகமாக இருந்துவிட்டு, நாலாவது கியரில் பாட்டுப் போட்டுக்கொண்டு இறங்குகிற வண்டிகளைப் பண்ணாரிக் கோயில் முன்னால் பார்க்கலாம். நான்கு சக்கரத்திலும் புகை, ரப்பர் கருகுகிற நாற்றம். பாட்டில் தண்ணீரை எடுத்துச் சக்கரத்தில் ஊற்ற ஓடுவார்கள். ஊற்றாதீர்கள். கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிக்கொள்ளும். பேசாமல் நிறுத்திவிட்டு, ஹேண்ட் பிரேக் போடாமல் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்து, கோயிலுக்குள் போய் அரைமணி உட்கார்ந்து வாருங்கள். அம்மனுக்கும் ஆச்சு, பிரேக்குக்கும் ஆச்சு. புறப்படும்போது கல்லை எடுத்து ஓரத்தில் போடுங்கள்.

நான் இறங்கும்போது எனக்கு வேறு தொல்லை. வெறும் காராக ஏறுவேன். இறங்கும்போது பின்சீட்டு முழுக்க நங்கையா கட்டிவிட்ட மூட்டை. முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, ஒரு தார் வாழைக்காய், ராகி வேறு. அந்தக் கனத்துக்கு வண்டி நிற்கக் கேட்கிற தூரமே மாறிவிடும். ரெண்டாவது கியரிலேயே உருண்டு தள்ளும். சில பெண்டில் முதல் கியருக்கு வர வேண்டியிருக்கும். பாரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள் அத்தை என்று கெஞ்சிப் பார்த்துவிட்டேன். “அவ ஆசையாக் குடுக்கறா, வேண்டாம்னா மனசு நோகாதா? நீ மெல்ல ஓட்டு கண்ணு, நேரத்துக்கா கொறைச்சல்?” என்கிறார். மகள் மனசு நோகக் கூடாது, பிரேக் நொந்தால் பரவாயில்லை.

போன தடவை 9-வது பெண்டில் ஒரு லாரி மாட்டி ஒன்றரை மணி நேரம் நின்றோம். அத்தை மூட்டையைப் பிரித்து, முன்னால் நின்ற டெம்போக்காரருக்கு ஒரு கோஸ், பின்னால் நின்ற பைக்குப் பையனுக்கு ஒன்று, ரோட்டைச் சரிசெய்ய வந்த போலீஸ்காரருக்கு இரண்டு என்று எடுத்துக் கொடுத்தார். பாரம் குறைந்தது என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். அப்படியும் ஊர் வந்து இறக்கியபோது ஒரு மூட்டை மீதம். அந்த வாரம் எங்கள் தெருவில் எந்த வீட்டைத் தாண்டினாலும் கோஸ் பொரியல் வாசம்தான்.